சென்னல்குடி கொடுத்த அம்மா

தூத்துக்குடியில் பஸ் ஏறிப் புதியம்புத்தூரில் இறங்கினீர்களானால், முதலில் உங்கள் காதில் விழுவது தையல் மிஷின் சப்தமாகத்தான் இருக்கும். சிறு பெண்களின் கவுன், பாவாடை, சட்டை என்று ரெடிமேட் உடுப்புகள் கட்டுக் கட்டாக வெளியூர்களுக்குப் போகின்றன. 'குட்டித் திருப்பூர்' என்று இந்த ஊருக்கு ஒரு பட்டப் பெயரே உண்டு. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை ஏமாற்றினாலும் ஊசியும் நூலும் ஏமாற்றுவதில்லை என்று கண்டுகொண்ட ஊர்.

மிஷின் சப்தத்துக்கு ஈடு கொடுத்து ஒரு மூலையில் டெலிவிஷன் பெட்டியும் பேசிக்கொண்டிருக்கும். நான் போயிருந்த வீட்டில் அன்று பழைய 'சர்வர் சுந்தரம்' படம் ஓடிற்று. நாகேஷ் தம் தாயாரிடம் பேசுகிற கட்டம். பொத்தான் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ மதினி, இந்த அம்மாவ எங்கயோ பாத்திருக்கமே?"

"மைக்கேல் மதன காமராஜன்ல சாமான் சட்டெல்லாம் களவாங்குமே, அந்தப் பாட்டியில்லா!" என்றாள் மதினி.

"ஆமா ஆமா! பேரு என்ன?"

அதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வாசகர்களே, உங்களுக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷம். தெரியாவிட்டாலும் வெட்கப்பட வேண்டாம். ஊரெல்லாம் அறிந்த முகம், ஊர் அறியாத பெயர். அந்த அம்மையாரின் ஜாதகமே அப்படி.

அவர் எஸ். என். லட்சுமி. 'எஸ்' என்பது சென்னல்குடி. 'என்' என்பது தகப்பனார் நாராயணத் தேவர். சென்னல்குடி எங்கோ தஞ்சாவூர் ஜில்லாவில் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். புதியம்புத்தூரிலிருந்து வடக்கே எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் என்று தாண்டிப் போனால் வருகிற விருதுநகர்ச் சீமைதான். பெயரில் செந்நெல் இருக்கிறதே தவிர, காவேரி எட்டிப் பார்க்காத நாடு.

இந்தக் கரிசல் நாட்டுக்கும் நாடகத்துக்கும் பழைய பந்தம். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்ததும் இதே தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில்தான். அவர் காலத்தில் தழைத்த பாய்ஸ் கம்பெனிகளில் சின்னஞ் சிறுவர்கள் சேர்ந்து, அங்கேயே உண்டு, உறங்கி, பாடம் கேட்டு, பெரிய நடிகர்களாக வெளிவந்தார்கள். என். எஸ். கிருஷ்ணன், எம். ஜி. ஆர்., சிவாஜி கணேசன் எல்லோரும் அந்தப் பட்டறையில் அடிபட்டவர்களே. ஆனால் பெண் குழந்தைக்கு அப்படிப் போக்கிடம் ஏது? பையன் கம்பெனிக்கு ஓடினால் "துடுக்குப் பயல்" என்று சிரிப்பார்கள். பெண் ஓடினால் அந்த வீட்டுப் படியில் அப்புறம் யாரும் சம்பந்தம் பேச ஏறமாட்டார்கள். இதை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள். லட்சுமி பள்ளிக்கூடப் பிராயத்திலேயே நாடக மேடையை நோக்கி வந்துவிட்டார்.

அந்தப் பெண் சினிமாவில் முதலில் நுழைந்த இடம், நூற்றுக்கணக்கான பெண்களில் ஒருத்தியாக! 1948-ல் ஜெமினி வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை மறந்திருக்கமாட்டீர்கள். பிரம்மாண்டமான முரசுகள், அவற்றின் மேல் ஆடும் பெண்கள், பிறகு முரசுகளைப் பிளந்துகொண்டு வெளியே பாயும் போர்வீரர்கள். எல்லோருடைய கண்ணும் டி. ஆர். ராஜகுமாரியின் மேல் இருந்தது. கூட்டத்தில் ஆடிய சென்னல்குடிப் பெண்ணை யார் கண்டார்கள்?

கலைவாணரின் நாடகக் குழுவிலும் அவர் நடித்தார். ஆடவும் பாடவும் மட்டுமல்ல, சண்டை போடவும் துணிந்தவர். 1960-ல் எம். ஜி. ஆர்., வைஜயந்திமாலா நடித்து வெளிவந்த 'பாக்தாத் திருட'னில், பதிலுக்கு ஆள் போடாமல் தாமே சிறுத்தையோடு மோதினார். படத்தில் சிறுத்தையோடு மல்லுக்கு நின்றவரைப் பிற்காலத்தில் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடக்க விட்டது நம் தமிழ்ப் படவுலகம். நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

1964-ல் வந்தது 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தரின் நாடகத்தை ஏ.வி.எம். நிறுவனம் படமாக்க, கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்தார்கள். ஓட்டல் சர்வராக இருந்த பையன் சினிமா நட்சத்திரமாகி விடுகிறான். பங்களா, கார், மாலை, மரியாதை எல்லாம் வருகின்றன. தாயார் விபத்துக்குள்ளாகிக் கிடக்கிறாள் என்று சேதி வரும்போது அவன் படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறான். வீடு வந்து சேர்கையில் அம்மா இல்லை. கொட்டகையில் அழாத கண் உண்டா? இத்தனைக்கும் நாகேஷுக்கும் லட்சுமிக்கும் வயதில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. முப்பதுகளில் இருந்த பெண், முப்பதைத் தாண்டிய பிள்ளைக்குத் தாயானாள். யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். அதுவே அவருக்கு விலங்கும் ஆயிற்று. ஒரு முறை அம்மாவாகிவிட்டவளைத் திரும்பவும் கதாநாயகியாக்குகிற வழக்கம் நம்மவர்களிடம் இல்லை. அம்மா, அத்தை, பிறகு பாட்டி. சொந்த வாழ்க்கையிலோ அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

பாட்டி ஆன பிறகுதான் அவருக்கு நல்ல காலம் பிறந்தது என்பது என் அபிப்பிராயம். அதற்குக் கமல்ஹாசன் படங்களே சாட்சி. 1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்'. கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டிக்கொள்கிற பாட்டி. பாலக்காட்டுக் குடும்பத்துப் பாட்டியாகச் சிரிக்க வைத்தவர் கரிசல் காட்டுக்காரர் என்றால் யார் நம்புவார்கள்? 1994-ல் 'மகாநதி'. மாப்பிள்ளை சிறைக்குப் போன பின் இரண்டு பேரக் குழந்தைகளையும் அணைத்துக்கொண்டு திண்டாடுகிற மாமியார். சிரிப்பு மூட்டிய அதே முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நாம் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். 2004-ல் 'விருமாண்டி'. இதில் மட்டும் அவருக்கு வேஷமே தேவைப்படவில்லை என்று எனக்குப் படுகிறது. அந்தப் பேச்சும், பேரன் மேல் வைத்த பாசமும் சென்னல்குடியிலிருந்து நேராக வந்தவை.

ஆயிரத்தைந்நூறு நாடகங்களுக்கு மேல், இருநூறு படங்களுக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். தமிழக அரசு கலைமாமணி விருது அளித்தது. ஆயினும் அரிதாரம் கலைக்க மனம் வரவில்லை. முரசின் மேல் ஆடி வந்தவர் சின்னத்திரையிலும் புகுந்தார். விஜய் டி.வி.யில் 2011-ல் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி' தொடரிலும் பாட்டியாக வந்தார். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2012 பிப்ரவரி 20-ந் தேதி சென்னையில் காலமானார்.

புதியம்புத்தூர் வீட்டில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பொத்தான் கட்டிய அம்மாள், "சென்னல்குடின்னா சாத்தூருக்கு அங்கிட்டா?" என்று கேட்டாள்.

"ஆமாம், விருதுநகர்ப் பக்கம்."

"அப்ப நம்ம பக்கத்து மனுசின்னு சொல்லுங்க" என்றாள். டெலிவிஷனில் நாகேஷ் வீட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். மதினி மிஷினை நிறுத்திவிட்டு, முந்தானையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.