காசு கட்டியும் படம் ஓடலையா? லினக்ஸும் ஒரு பூட்டின பெட்டியும்

இந்த வாரம் எங்க வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மாவோட பழைய லேப்டாப்ல விண்டோஸ் 10 இருந்துச்சு. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடிச்சுக்கிச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா, அந்த மெஷினுக்குத் தகுதி இல்லைன்னு வந்துச்சு. நல்லா ஓடுற லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசு வரல. லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். மெயில், யூட்யூப் எல்லாம் ஜம்முனு போச்சு. ராத்திரி அம்மா ஒரு ஓடிடி தளத்துல படம் போட்டாங்க. போஸ்டர் வந்துச்சு, வட்டம் சுத்துச்சு, அப்புறம் கறுப்புத் திரையில ஒரு எர்ரர் நம்பர்.

"ஏன்டா, வருஷ சந்தா கட்டியிருக்கோம்ல? நல்லா இருந்ததை எதுக்கு மாத்தின?"

நியாயமான கேள்வி. யூட்யூப் வீடியோ ஓடுது, இது மட்டும் ஏன் ஓடல? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

பெட்டி வரும், சாவி வராது

ஓடிடில வர்ற படம் பூட்டின டிரங்குப் பெட்டி மாதிரி. பெட்டி நம்ம வீட்டுக்கே வந்துடும், ஆனா சாவியை நம்ம கையில தரமாட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு ஆளை அனுப்புவாங்க. அவர் நம்ம வீட்டுலயே உக்காந்து, முதுகைத் திருப்பிக்கிட்டு பெட்டியைத் திறப்பார். உள்ள இருக்கிறதை ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுவார். சாவி எப்படி இருக்கும்னு கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டுக்குப் பேருதான் டிஆர்எம். அந்த ஆள் ஒரு சின்ன மென்பொருள். கூகுளோடது வைட்வைன், மைக்ரோசாப்டோடது பிளேரெடி, ஆப்பிளோடது ஃபேர்பிளே. லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு வர்ற ஆள் வைட்வைன்தான். பிரவுசர் இந்த ஆளோட பேசுறதுக்கு ஒரு பொது முறை இருக்கு. அதை டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பர்ல இணையத் தரமா அறிவிச்சுச்சு. மூடின மென்பொருளுக்கு இணையத் தரத்துலயே இடம் கொடுக்கிறதான்னு எதிர்த்து, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அப்பவே டபிள்யூ3சியை விட்டு விலகிடுச்சு.

சிக்கல் எங்கன்னா, வைட்வைனோட மூல நிரலை வெளியாள் யாரும் பார்க்க முடியாது. லினக்ஸ் உலகமோ திறந்த மென்பொருளை நம்பி நிக்கிறது. அதனால பல லினக்ஸ் வகைகள் அந்த ஆளை முன்கூட்டியே வீட்டுக்குள்ள விடுறதில்ல. நாமதான் கதவைத் திறக்கணும்.

சரி, எப்படி ஓட வைக்கிறது?

முதல் வழி, பயர்பாக்ஸ். செட்டிங்ஸ் போங்க. 'ஜெனரல்' பகுதியில கொஞ்சம் கீழ வந்தா, டிஆர்எம் உள்ள வீடியோக்களை ஓட விடலாமான்னு ஒரு பெட்டி இருக்கும். டிக் பண்ணுங்க. வைட்வைனை பயர்பாக்ஸே இறக்கிக்கும். ரெண்டு நிமிஷம் பொறுத்து, பிரவுசரை மூடித் திறங்க. எங்க அம்மா லேப்டாப்ல இந்த ஒரு டிக்தான் பாக்கி. லினக்ஸ் பயர்பாக்ஸுக்கு இந்த வசதி 2016 செப்டம்பர்ல, 49-ஆம் பதிப்புலயே வந்துடுச்சு.

ரெண்டாவது வழி, கூகுள் குரோம். இதுல வைட்வைன் கூடவே வரும், தனியா எதுவும் பண்ண வேண்டாம். ஆனா குரோமும் குரோமியமும் ஒண்ணு இல்ல! சாஃப்ட்வேர் ஸ்டோர்ல தேடினா பெரும்பாலும் குரோமியம்தான் கிடைக்கும். அது திறந்த மென்பொருள், அதுல பொதுவா வைட்வைன் இருக்காது. நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இதுதான். குரோம் வேணும்னா கூகுளோட தளத்துல இருந்தே இறக்குங்க.

மூணாவது, ராஸ்பெர்ரி பை வச்சிருக்கிறவங்களுக்கு. அதுல இருக்கிறது ஏஆர்எம் சிப். சாதாரண பிசிக்கான வைட்வைன் அதுல ஓடாது. 2021-ல இருந்து ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல அதுக்குன்னு தனி பேக்கேஜ் கொடுத்திருக்காங்க, அதைப் போட்டுக்கலாம்.

படம் ஓடுது, ஆனா மங்கலா இருக்கே?

அடுத்த கேள்வி இதுதான் வரும். வைட்வைன்ல பாதுகாப்பு அளவுகள் இருக்கு. எல்1-னா, பூட்டைத் திறக்கிறதுல இருந்து வீடியோவைத் தயாரிக்கிற வரைக்கும் சிப்புக்குள்ள இருக்கிற பாதுகாப்பான பகுதியிலயே நடக்கும். எல்3-னா எல்லாமே வெறும் மென்பொருள்ல நடக்கும். லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குக் கிடைக்கிறது எல்3. அதுக்கு எவ்வளவு தெளிவு தரலாம்னு ஒவ்வொரு ஓடிடியும் தானே முடிவு பண்ணும். 480பி, 720பி-யோட நிறுத்திக்கிறவங்க இருக்காங்க. நீங்க 4கே பிளானுக்கே காசு கட்டியிருந்தாலும் கதை இதுதான்.

லினக்ஸ் பாதுகாப்பு இல்லாததுன்னு இதுக்கு அர்த்தமான்னு கேட்டா, இல்ல. ஆண்ட்ராய்டும் குரோம்ஓஎஸ்ஸும் லினக்ஸ் கெர்னல் மேலதான் நிக்குது. அதுல எல்1 கிடைக்குது. வித்தியாசம் என்னன்னா, அந்தச் சாதனங்கள்ல உள்ள என்ன ஓடணும்னு முடிவு பண்றது தயாரிப்பாளர். உங்க லினக்ஸ் லேப்டாப்ல முடிவு பண்றது நீங்க. கெர்னலையே மாத்துற உரிமை உங்களுக்கு இருக்கு. சாவியைத் தர்றவங்களுக்கு அதுதான் பயம்.

'லினக்ஸ்ல ஃபுல் ஹெச்டி தர்றோம்'னு சொல்ற எக்ஸ்டென்ஷன்கள் கண்ணுல படும். அதுல ஜாக்கிரதை. ஓடிடி பக்கத்தைப் படிக்க அனுமதி கொடுத்தா, உங்க லாகினும் அது கைக்குப் போகலாம். பெரிய திரையில தெளிவா பார்க்கணும்னா டிவியோ ஸ்டிக்கோதான் நேர்மையான பதில்.

இது புதுச் சண்டை இல்ல

1999-ல டிவிடிக்கும் இதே பிரச்சினை. லினக்ஸ்ல டிவிடி பார்க்க அனுமதி பெற்ற பிளேயர் இல்ல. அந்த வருஷம் டிசிஎஸ்எஸ்-ங்கிற நிரல் வெளிய வந்து பூட்டை உடைச்சுச்சு. அதுல பங்கிருந்த நார்வே பையன் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்ப 15 வயசு. வழக்கு போட்டாங்க. காசு கொடுத்து வாங்கின டிவிடியைத் தன் கம்ப்யூட்டர்ல பார்க்கிறது குற்றமில்லைன்னு சொல்லி, நார்வே நீதிமன்றம் 2003-ல அவரை விடுவிச்சுச்சு. மேல்முறையீட்டுலயும் அதே தீர்ப்பு.

ஸ்ட்ரீமிங் காலத்துல நெட்ஃபிளிக்ஸ் முதல்ல மைக்ரோசாப்டோட சில்வர்லைட்டை நம்பியிருந்துச்சு. லினக்ஸ்காரங்க 2013-ல பைப்லைட்னு ஒண்ணை வச்சு, விண்டோஸ் சில்வர்லைட்டையே வைன் வழியா ஓட்டிப் பார்த்தாங்க. 2014 அக்டோபர்லதான் குரோம் வழியா லினக்ஸுக்கு முறையான ஆதரவு வந்துச்சு.

நம்ம ஊர் சட்டத்தையும் சொல்லிடறேன். 2012-ல திருத்தின காப்புரிமைச் சட்டத்தோட 65ஏ பிரிவுப்படி, உரிமையை மீறுற நோக்கத்தோட இந்த மாதிரிப் பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறையும் அபராதமும் உண்டு. நான் சொன்ன வழிகள் எதுலயும் பூட்டை உடைக்கிற வேலை இல்ல. அவங்க அனுப்புற ஆளை உள்ள விடுறோம், அவ்வளவுதான்.

அன்னைக்கு அம்மா படத்தை முழுசா பார்த்தாங்க. "கொஞ்சம் மசமசன்னு இருக்குடா"ன்னாங்க. இருக்கத்தான் செய்யும்மா. லேப்டாப் நம்மளோடது. ஆனா சந்தா கட்டி நாம வாங்கினது படத்தை இல்ல, அவங்க சொல்ற முறையில பார்க்கிற அனுமதியை மட்டும்தான். அடுத்த தடவை சந்தா கட்டுறதுக்கு முன்னாடி, உங்க மெஷின்ல எந்தத் தெளிவுல ஓடும்னு அவங்க உதவிப் பக்கத்துல ஒரு தடவை பார்த்துடுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே!