இறக்கத்தில் வெடிக்கும் புகைக்குழாய்

மலைநாட்டுப் பாதைகளில் பழைய பி.எஸ்.ஏ., ட்ரயம்ப் போன்ற மோட்டார் சைக்கிள்கள் இறங்கும்போது புகைக்குழாய் பட்பட்டென வெடிப்பதுண்டு. உடனே காபுரேட்டரைத் திருகுவதே பலரது வைத்தியம். திருகாணி கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான் காரணம் போலும். முதலில் பார்க்கவேண்டியது, புகைக்குழாய் சிலிண்டர் தலையோடு பொருந்தும் மூட்டு. அது தளர்ந்திருப்பின், அக்சிலரேட்டரை மூடியதும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். எரியாது வந்த பெற்றோல் ஆவி சூடான குழாயில் தீப்பற்றும். மூட்டைச் சுற்றிப் படிந்த கரியே இதற்குச் சாட்சி.

மூட்டு இறுக்கமாயிருந்தும் வெடித்தால் கலவையை ஆராய வேண்டும். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றமுக்கம் கொழும்பிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்த அளவுக்குக் காபுரேட்டர் பெற்றோலைக் குறைப்பதில்லை. ஆகவே கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும். ஏற்றத்தில் இயந்திரம் திணறும். இதற்காகச் சிறிய மெயின் ஜெட் பொருத்துவது முறையே.

ஆனால் அதே வண்டி றம்பொடைக் கணவாய் வழியே கம்பளைக்கு இறங்கி, கொழும்புவரை சென்றால் நிலைமை தலைகீழாகும். அடர்ந்த காற்றுக்கு அந்த ஜெட் விடும் பெற்றோல் போதாது. பிளக் வெளுத்துக் காணும். அந்நிலையில் சமதரையில் வேகமாக ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகித் துளைபடவும் கூடும். தாழ்நிலப் பயணத்திற்கு முன் பழைய ஜெட்டை மாட்டிக்கொள்வதே தக்கது.

அமால் காபுரேட்டரின் காற்றுத் திருகாணி மெதுவோட்டத்தையே திருத்தும். உள்ளே திருகினால் கலவை செறியும். இயந்திரம் சூடான பின், கால் சுற்றாகத் திருகிப் பார்த்தல் நன்று.