கத்தி படுவதற்கு முன்னால ஒரு ஊசி!

காசிமேட்டில் படகு இழுக்கும்போது கையை நசுக்கிக்கொண்டவர், எண்ணூர் ரோட்டில் லாரியில் அடிபட்டவர், திருவொற்றியூரில் ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத பொடியன்... வடசென்னையில் பாதிப் பேர் கடைசியில் வந்து நிற்பது ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கும் அந்தப் பழைய ஜெயில் ரோடில்தான்.

ஸ்டான்லியோ, நர்ஸிங் ஹோமோ, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்விதான். ''இன்னா சிஸ்டர், புள்ளைக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. சீழ் வைக்காம ஒரு வாரத்துக்கு ஸ்ட்ராங்கா ஊசி போடுவீங்கல்ல?''

நியாயமான பயம்தான். ஆனால் சீழ் வைக்காமல் காக்கிற முக்கியமான ஊசி, பிள்ளையை அறுப்பதற்கு முன்னாலேயே போட்டு முடிந்திருக்கும்!

ஏன் முன்னால? கத்தி தோலைத் திறக்கிற நிமிஷத்தில் கிருமி உள்ளே நுழையப் பார்க்கும். அப்போது ரத்தத்திலும் சதையிலும் மருந்து தயாராகக் காத்திருக்க வேண்டும். திருடன் போன பிறகு கதவைப் பூட்டி என்ன பிரயோஜனம்? பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜான் பர்க் 1961-லேயே கினிப்பன்றிகளை வைத்து இதைக் காட்டிவிட்டார். கிருமி நுழைந்து மூணு மணி நேரம் கழித்துப் போட்ட மருந்து ஒன்றுமே செய்யவில்லை. 1992-ல் அமெரிக்காவில் 2,847 பேரின் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தார்கள். அறுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து போனவர்களில் 0.6 சதவிகிதம் பேருக்குத்தான் புண் பழுத்தது. அறுத்து மூணு மணி நேரம் கழித்துப் போட்டவர்களுக்கு 3.3 சதவிகிதம்!

எவ்வளவு போடுவது? அங்கேதான் குழந்தைகள் சமாசாரம் தனி. 'பெரியவங்களுக்கு ஒண்ணு, சின்னதுக்குப் பாதி' என்கிற வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது. கிலோ கணக்குதான். அதிகம் பயன்படும் செஃபசோலின் ஊசி, கிலோவுக்கு 30 மில்லிகிராம். 16 கிலோ பிள்ளைக்கு 480. அறுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஆபரேஷன் நாலு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ரத்தம் நிறையப் போனாலோ இன்னொரு டோஸ். அதனால்தான் எடை மெஷினில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிற வாண்டை நர்ஸம்மா விடாமல் துரத்துகிறார். குத்துமதிப்பாக 'இருபது இருக்கும் சிஸ்டர்' என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, அப்புறம்? பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு அப்புறம் ஒண்ணும் வேண்டாம். காயம் ஆறும்வரை நாள்கணக்கில் இழுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொல்லிவிட்டது. டான்சில் ஆபரேஷனுக்கு வழக்கமாக முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். ஆனால் குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தால் கதை வேறு. அது தடுப்பு இல்லை, வைத்தியம். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மருந்து போயே ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் இருக்கிறது அடுத்த கூத்து. ஒரே பெயர் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமும் உண்டு, 250-ம் உண்டு. அட்டையைப் பார்க்காமல் ஊற்றினால் டோஸ் இரண்டு மடங்கு! பவுடர் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும்தான் ஊற்ற வேண்டும். அளக்க சமையல்கட்டு ஸ்பூன் வேண்டாம், கூடவே வருகிற மூடிதான்.

''அண்ணே, போன தபா அக்கா பையனுக்குக் குடுத்தீங்களே, அதே சிரப் குடுங்க'' என்று மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு ஒரு சேதி. எந்த மருந்துக்கும் லேசில் மசியாத கிருமிகளைப் பற்றி 2010-ல் உலகமே அலறியதே, அந்த ஆராய்ச்சியில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் உண்டு. முன்னின்று எழுதியவர் நம் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. 2012-ல் டாக்டர் சங்கங்கள் இங்கேயே கூடி 'சென்னை பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சிலிருந்து, பல வீரியமான ஆன்ட்டிபயாடிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயரை கடைக்காரர் நோட்டில் எழுதியாக வேண்டும்.

பிள்ளைக்கு முன்பு எந்த மருந்தாவது தடிப்பு, மூச்சிரைப்பு கொடுத்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் தையலைச் சுற்றிச் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பழைய பாட்டிலைத் தேடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அதே வார்டுக்குக் கிளம்புங்கள்.