பியானோவின் மிதிகள்

பியானோவின் அடியில் இரண்டு அல்லது மூன்று மிதிகள் இருக்கும். கால் ஆர்மோனியத்தைக் கண்டு பழகியவர்கள் இவற்றையும் துருத்தி மிதிகள் என எண்ணுவதுண்டு. பியானோவில் காற்றுக்கு வேலையே இல்லை. கட்டையை அழுத்தினால், கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் எஃகுக் கம்பியைத் தட்டும், அவ்வளவே.

வலப்புற மிதியை ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் 'உரத்த மிதி' என்பர். அதைக் கேட்டு, அது ஒலியைப் பெருக்குவது என்றே நம் ஆசிரியர் சிலரும் கற்பிக்கின்றனர். இது சிறு பிழையன்று. அவ்வாறு கற்ற பிள்ளை, உரக்க வாசிக்கும் இடமெல்லாம் காலை ஊன்றும், இசை கூழாகிவிடும்.

உண்மை யாது? கம்பிகளின்மேல் கம்பளி ஒலியடக்கிகள் அமர்ந்துள்ளன. கட்டையை அழுத்துகையில் அதற்குரிய அடக்கி விலகும். விரலை எடுத்ததும் மீண்டும் அமர்ந்து ஒலியை நிறுத்தும். வல மிதியோ எல்லா அடக்கிகளையும் ஒருங்கே விலக்குகிறது. விரல் எடுத்த பின்னும் ஒலி நீள்கிறது. தட்டாத கம்பிகளும் உடன் அதிர்கின்றன. ஐயமிருந்தால் ஒன்று செய்து பாருங்கள். மிதியைத் தொடாமல், ஒரு கட்டையை ஓசை எழாதவாறு மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்தாயி கீழுள்ள கட்டையை ஓங்கித் தட்டி விடுங்கள். தட்டாத கம்பி பாடும்!

1801இல் பீத்தோவன் இயற்றிய 'நிலவொளி' சொனாட்டாவின் முதற்பகுதி மிக மெல்ல வாசிக்கவேண்டியது. அதையே முழுவதும் அடக்கிகளை விலக்கி வாசிக்கச் சொன்னார் அவர். உரப்புக்கும் மிதிக்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அக்காலக் கருவியில் ஒலி விரைந்து தேய்ந்தமையால் அது பொருந்திற்று. இன்றைய பியானோவில் ஒலி நெடிது நிற்பதால், சுரக்கூட்டு மாறுந்தோறும் மிதியை விட்டு மீண்டும் அழுத்துகின்றனர். செவியே இதற்கு ஆசான்.

இட மிதி மென்மைக்குரியது. கிராண்டு பியானோவில் அது கட்டைவரிசை முழுவதையும் சற்றே வலப்புறம் நகர்த்தும். மூன்று கம்பிகள் உள்ள சுரத்தில் சுத்தியல் இரண்டை மட்டுமே தட்டும். ஒலி குறைவதோடு அதன் குணமும் மாறும். பியானோவை உருவாக்கிய கிறிஸ்டோபோரி 1726இல் செய்த கருவியிலேயே, கையால் நகர்த்தும் இவ்வமைப்பு இருந்தது. சுவரோரம் நிறுத்தும் நிமிர்ந்த பியானோவில் வேறுவகை: சுத்தியல்கள் கம்பிகளுக்கு அருகே வந்து, குறைந்த வீச்சில் தட்டும்.

நடு மிதி, கிராண்டு பியானோவில், அழுத்திய நேரத்தில் பிடித்திருந்த சுரங்களை மட்டும் நீட்டும். ஸ்டைன்வே நிறுவனத்தார் 1874இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். நிமிர்ந்த பியானோ பலவற்றிலோ, நடு மிதி சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு கம்பளித் துணியை இறக்குவதோடு சரி. அண்டை வீட்டார் உறங்கும் வேளையில் பழகுவோர்க்கு அது உதவும்.