ஓட்டமும் உடல் எடையும்

வெள்ளவத்தையில் கடலையொட்டிய மரைன் டிரைவ் வீதியில் விடியற்காலையில் ஓடுவோருள் உடல்நலம் பேண ஓடுவோரும் உளர். எடை குறைக்க ஓடுவோரும் உளர். இவ்விரு நோக்கங்களுக்கும் வேண்டிய ஓட்டம் ஒரே அளவினதன்று.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஓட்டம் போன்ற கடும் பயிற்சி வளர்ந்தோர்க்கு வாரத்தில் 75 முதல் 150 நிமிடம் வரை போதும். இதனினும் குறைந்த ஓட்டமும் வீணன்று. 55,137 பேரைச் சராசரி 15 ஆண்டுகள் கவனித்து 2014 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடியோரிடத்தும் இருதய நோயால் நேரும் இறப்புக் குறைந்திருக்கக் கண்டது. ஆகவே, கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளில் வாழ்வோர், காலிமுகத்திடல்வரை சென்று ஓட நேரமில்லையே என வருந்த வேண்டியதில்லை.

எடையின் கணக்கோ வேறு. ஒரு கிலோமீற்றர் ஓடுகையில், உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். வேகம் இதனைப் பெரிதும் மாற்றுவதில்லை. எனவே 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீற்றர் ஓடிச் செலவிடுவது 300 கிலோகலோரியே. 100 கிராம் அரிசியிலோ ஏறத்தாழ 350 உண்டு. உடற்கொழுப்பு ஒரு கிலோவில் அடங்கியது ஏறத்தாழ 7,700. அதனை ஓடியே கரைப்பதாயின் ஏறத்தாழ இருபத்தாறு காலைகள் செல்லும். அதுவும், ஓட்டத்தால் மிகும் பசிக்கு இடங்கொடாதிருந்தால். கொழும்பின் ஈரக்காற்றில் சட்டை நனைய ஓடியவர் உடனே தராசில் ஏறி மகிழ்வதுண்டு. அங்கே குறைந்தது பெரும்பாலும் நீரே; சில குவளை தண்ணீரில் அது மீண்டுவிடும். எடையைக் குறைப்பதில் சோற்றின் அளவே முந்துகின்றது. குறைந்த எடை மீண்டும் ஏறாது காப்பதில் ஓட்டம் பெரிதும் துணைசெய்கின்றது.