காற்றில் கரையும் வேகம்

நீலகிரியில் சோலூர் போன்ற மலையூர்களில், ஃபைபர் இணைப்பு பெற்ற வீடுகளிலும்கூட, கட்டணம் கட்டிப் பெற்ற வேகம் ரவுட்டர் வரை குறையாமல் வந்து, அடுத்த அறையிலுள்ள செல்பேசியைச் சேர்வதற்குள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடுவது உண்டு. இதற்கு மூடுபனியைக் குறை சொல்வது பொருந்தாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், பனித்துளியின் விட்டமோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்பதால், அலை அத்துளிகளைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகும். தென்மேற்குப் பருவமழையில் நாள்கணக்காக ஈரம் ஊறிய தடித்த கற்சுவரோ அந்த அலையின் ஆற்றலை நன்றாகவே உறிஞ்சும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். வலுக்குறைந்த அலையைப் பிழையின்றிப் படிக்க முடியாதபோது, ரவுட்டர் தானாகவே அனுப்பும் வேகத்தைத் தாழ்த்திக்கொள்கிறது.

தகரக் கூரை அலையை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கிறது. இதனால் ஒரே செய்தி பல வழிகளில் முன்னும் பின்னுமாக வந்து தன்மேல் தானே மோதுகிறது. 1990களில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் குழுவினர், தகவலை ஒரே வேகமான ஓடையாக அனுப்பாமல், அருகருகான அலைவரிசைகளில் மெதுவான பல கூறுகளாகப் பிரித்து அனுப்பும் வழியை உருவாக்கி இந்த எதிரொலிச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தனர். அவர்கள் ரேடியோ வானியலில் பழகியவர்கள் என்பதும், உதகையை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 1970 முதல் விண்ணின் ரேடியோ அலைகளைச் சேகரித்துவருவது அதே துறைக்காகவே என்பதும் நீலகிரி வாசகருக்குச் சுவையான செய்தி.

ஆயினும் சுவரே குறுக்கிடாமல் ரவுட்டரின் அருகில் அமர்ந்தாலும் கம்பியின் வேகம் கிட்டுவதில்லை என்பதால், மூலக்காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஈதர்நெட் கேபிளுக்குள் முறுக்கிய நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. முறுக்கு வெளி இரைச்சலை ஈடுகட்ட, இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்கின்றன, அந்தப் பாதையில் வேறு எவருக்கும் பங்கில்லை. வைஃபையில், ஒரே சேனலில் உள்ள எல்லாக் கருவிகளும், மலைச்சாலையின் குறுகிய வளைவில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்குவதுபோல, ஒன்றுக்கொன்று வழிவிட்டே பேச வேண்டும்.

இந்த வழிவிடுதலுக்கு ஆகும் நேரம் வியப்பூட்டுவது. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு கருவி, காற்று அமைதியாக உள்ளதா என்று முதலில் 34 மைக்ரோ நொடி (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கவனிக்கிறது. பின்னர் 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கலாகத் தேர்ந்து, எண்ணுக்கு 9 மைக்ரோ நொடி வீதம் மேலும் காத்திருக்கிறது. தன் குரலே தன் காதை அடைத்துவிடுவதால், அனுப்பும்போது மோதல் நேர்ந்ததை அதனால் அறிய இயலாது. ஆகவே பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைக்கும் காத்திருக்கிறது. இத்தனைக்கும், 866 மெகாபிட் வேகத்தில் 1500 பைட் பொட்டலம் ஒன்று காற்றில் செல்ல எடுத்துக்கொள்வது வெறும் 14 மைக்ரோ நொடி. கிகாபிட் கம்பியில் இரு பொட்டலங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி 0.1 மைக்ரோ நொடிக்கும் குறைவு. பல பொட்டலங்களை ஒன்றாகக் கட்டி ஒரே முறையில் அனுப்பும் ஏற்பாடு இன்றைய வைஃபையில் இருப்பதால்தான் நிலைமை இந்த அளவுக்கேனும் தேறியிருக்கிறது. அப்படியும் ரவுட்டர் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணில் பாதியைத் தாண்டினாலே நல்ல பேறு.

முறை பகிரப்படுவது ஒரு வீட்டுக்குள் மட்டுமன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை இந்தியாவில் 2005 முதல் உரிமம் இல்லாமலே எவரும் பயன்படுத்தலாம்; அதில் ஒன்றோடொன்று உராயாத சேனல்கள் மூன்றே என்பதால், எஸ்டேட் லைன் வீடுகளைப் போலச் சுவரைப் பகிரும் குடியிருப்புகளில் அடுத்த வீட்டு ரவுட்டரும் வரிசையில் நிற்கும். தொலைவிலுள்ள பழைய செல்பேசி ஒன்று மெதுவாகப் பேசினால், அது பேசி முடிக்கும்வரை வேகமான கருவிகளும் வாளாவிருக்க வேண்டியதுதான்.

ஆகவே, வைஃபை மந்தமாக உள்ள வீட்டில், இடம்பெயராத தொலைக்காட்சியையும் மேசைக் கணினியையும் கேபிளுக்கு மாற்றினால், அவை மட்டுமின்றி, கம்பியைத் தொடாத செல்பேசியும் வேகம் பெறுகிறது. அவ்விரண்டும் காற்றில் எடுத்துக்கொண்டிருந்த முறைகள் இப்போது அதற்குக் கிடைக்கின்றன.