ஐம்பது பைசா காபி

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நான் போண்டா கடை போட்ட முதல் நாள், விற்றது நாலே நாலு போண்டா. அழுதுகொண்டே வந்து, "இனிமே போகமாட்டேன்"னு சொல்லிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் பாட்ரிசியா நாராயண் கதை. பெற்றவர்களை எதிர்த்து, சின்ன வயசிலேயே காதல் கல்யாணம். கணவரோ போதைக்கு அடிமை. இரண்டு குழந்தைகள். பிறந்த வீட்டுக்கே திரும்பி, அம்மாவிடம் கடன் வாங்கி ஊறுகாய், ஜாம் போட்டு விற்றாராம்.

1982-ல் மெரினாவில் வண்டிக் கடை போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 பைசா! அவரும் அழுதார், ஒண்ணாவது வித்ததே என்று தேற்றியது அம்மாதான். மறுநாள் அறுநூறு ரூபாய்க்கு மேல் வியாபாரம். பிறகு கேன்டீன்கள். 2004-ல் மகளையும் மருமகனையும் விபத்தில் பறிகொடுத்தார். அந்த மகள் பெயரிலேயே 'சந்தீபா' ஓட்டல் தொடங்கினார். 2010-ல் சிறந்த பெண் தொழில்முனைவோருக்கான ஃபிக்கி விருதும் வாங்கினார்.

கேட்டதும் வெட்கமாகிவிட்டது. மறுநாளே வாணலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிட்டேன். மூன்று வருஷமாக மகளின் காலேஜ் பீஸ் போண்டாவில்தான் போகிறது. தோழிகளே, முதல் நாள் கல்லாவைப் பார்த்துக் கடையை மூடிடாதீங்க!

- ஒரு வாசகி, அம்பத்தூர்.